எந்தத் தேதிக்கு முன்னால்?

தமிழ்நாட்டில் பிறந்துவிட்டால் மட்டும் ஒருவர் தமிழர் ஆகிவிடுவாரா, வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறார் என்று பாருங்கள் என்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், டீக்கடையில் கிளாஸைக் கீழே வைக்காமலே சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மொழியை வைத்து மாநிலம் பிரித்தோம். அந்த மொழிக்காரன் ஆளட்டும், மற்றவர்கள் விருந்தாளிகளாக இருந்துவிட்டுப் போகட்டும். இதில் என்ன தப்பு?

நான் ஆரணிக்காரன். இந்த அளவுகோலால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் தமிழ்தான். செங்குந்தர் குடும்பம், தாத்தா காலம்வரை தறி ஓடிய வீடு. ‘தமிழ்ச் சாதிகள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் எங்கள் பெயர் மேலேயே இருக்கும். அதனாலேயே இதை மறுத்து எழுதவேண்டிய கடமை எனக்குக் கூடுதல் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் எழுதினால் ‘அவனுக்குச் சுடுது, கத்துறான்’ என்று தள்ளிவிடுவார்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் சௌராஷ்டிரர். பட்டுநூல்காரர் என்பது பழைய பெயர். இப்போது அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. நாடா சிக்கிக்கொண்டால் அவர் திட்டுவது சௌராஷ்டிர மொழியில். முதலாளியிடம் கூலி பேசுவது தமிழில். தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். “டி.எம்.எஸ். உங்க ஆளாமே?” என்று ஒருமுறை சீண்டினேன். “எல்லாருக்கும் அவரு ஆளுதானே” என்றார், கையை நிறுத்தாமல். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றில் பிறந்த அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் ழகரமும் ளகரமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறை தெரிந்துகொண்டது. கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே மணிக்கொடி இதழில் எழுதிய எம்.வி.வெங்கட்ராமின் வீட்டுமொழியும் அதுவே. தன் சமூகத்து நெசவாளர் வாழ்க்கையை ‘வேள்வித் தீ’ என்று தமிழில்தான் நாவலாக்கினார். ‘காதுகள்’ நாவலுக்காக 1993இல் சாகித்திய அகாதெமி அவருக்கு விருது கொடுத்தது தமிழ் எழுத்தாளர் என்ற முறையில். கரிசல் மண்ணின் பேச்சுத் தமிழுக்கே அகராதி தொகுத்த கி.ராஜநாராயணனின் வீட்டில் பேசியது தெலுங்கு.

இப்படிப் பெரிய பெயர்களை அடுக்குவதில் எனக்கொரு சங்கடம் உண்டு. வீட்டுமொழி வேறானவர்களை வந்தேறி என்னும் வாதத்தை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்: இவர் பாடினார், அவர் எழுதினார், இன்னொருவர் சிறைக்குப் போனார், ஆகவே இவர்களும் தமிழர்கள். இது எதிராளியின் கணக்கை அவர் போட்டபடியே ஒப்புக்கொண்டு, அதில் நமக்குச் சலுகை கேட்பது. எதுவும் எழுதாத, எதுவும் பாடாத, அறுபது வருஷமாக அடுத்தவர் கல்யாணத்துக்குப் புடவை நெய்ததைத் தவிர வேறெதையும் செய்யாத என் எதிர்வீட்டுக்காரர் அப்போது எங்கே நிற்பார்? செங்குந்தர் வீட்டில் பிறந்த சோம்பேறி எந்தச் சாதனையும் இல்லாமல் தமிழனாக இருக்கலாம், சௌராஷ்டிரர் வீட்டில் பிறந்தவர் மட்டும் டி.எம்.எஸ். ஆகிக் காட்ட வேண்டுமா? பெரியாரையும் இந்தச் சண்டைக்குள் நான் இழுக்கப் போவதில்லை. அந்த வழக்கு ஊரறிந்தது, இரண்டு தரப்பிலும் வாதம் மனப்பாடம்.

நேராக ஊருக்கு வருவோம். ஆரணி என்ற பெயரிலேயே தகராறு இருக்கிறது. கமண்டல நாகநதிக் கரையில் இருப்பதால் ஆறு அணிந்த ஊர், ஆரணி என்பார்கள் சிலர். இல்லை, ஆரண்யம் என்ற வடசொல்தான் திரிந்தது என்பார்கள் வேறு சிலர். பெயருக்கே பூர்வீகம் தீர்மானமாகாத ஊர் இது. மேற்கே படவேடு, சம்புவராயர்களின் தலைநகரம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசன் குமாரகம்பணன் தெற்கே இறங்கியபோது முதல் அடி விழுந்தது இந்தச் சம்புவராயர்கள்மேல்தான். மதுரை அதற்குப் பிறகு. தெலுங்கும் கன்னடமும் தமிழ்நாட்டுக்குள் படையாகவும் குடியாகவும் நுழைந்த கதையின் வாசற்படி எங்கள் வட்டாரம். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையெடுப்புகளோடு வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியரின் வம்சம் ஆரணி ஜாகீரை நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தது. அவர்கள் கட்டிய அரண்மனை சத்தியவிஜயநகரத்தில் இன்றும் சிதைந்து நிற்கிறது. எஸ்.வி.நகரம் என்று பஸ்ஸில் எழுதியிருப்பது அதைத்தான். கோட்டைப் பக்கம் 1751இல் கிளைவ் சண்டை போட்டான், 1782இல் ஹைதர் அலியின் படை போட்டது. யார் யாரோ வந்தார்கள். சிலர் போனார்கள், பலர் போகவில்லை.

போகாதவர்களில் நெசவாளர்கள்தான் அதிகம். வட ஆர்க்காட்டு நெசவு ஊர்களில் தேவாங்கர், பத்மசாலியர், சௌராஷ்டிரர் என்று விஜயநகரக் காலத்திலும் அதற்குப் பின்னாலும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்கள் எங்கள் செங்குந்தர்களோடு போட்டி போட்டார்கள், சண்டை போட்டார்கள், தொழிலைக் கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொடுத்தார்கள். ஆரணி என்றால் பட்டு என்பதேகூட அப்படியொன்றும் ஆதிகாலத்துச் சேதி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆரணியைத் தெரிந்து வைத்திருந்தது பருத்தி மஸ்லினுக்காக. இன்று புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கும் ‘ஆரணிப் பட்டு’ எங்கிருந்து வருகிறது பாருங்கள்: நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து, கரையில் பூ போடும் ஜக்கார்டுப் பெட்டி 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஒருவர் கண்டுபிடித்தது. பட்டுப்புழுவின் பூர்வீகம் கேட்டால் சீனாவரை போகவேண்டும்.

இந்த இடத்தில் கட்டுரையாளர்கள் வழக்கமாகத் தறியை உவமையாக்கி, பாவும் ஊடையுமாகப் பல இனமும் பின்னிக் கிடக்கிறோம் என்று எழுதுவார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. தறியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு அது முதுகுவலி.

சரி, வந்தேறி என்கிறீர்கள். எப்போது வந்தவர்?

இந்தச் சொல்லை வாய் நிறையப் பேசுகிறவர்கள் யாரும் ஒரு தேதி சொல்லி நான் கேட்டதில்லை. குமாரகம்பணன் வந்த நாளிலிருந்து என்றால் அறுநூற்றைம்பது வருஷம் ஆகிறது. அறுநூற்றைம்பது வருஷம் ஒரு மண்ணில் பிறந்து அந்த மண்ணிலேயே எரிந்தவர்களின் வாரிசு இன்னும் விருந்தாளி என்றால், விருந்து எப்போதுதான் முடியும்? அதற்கு முன்னால் வந்தவர்கள் கணக்கு என்ன? ஆரணிக்குப் பக்கத்தில் பூண்டியில் பொன்னெழில்நாதர் ஜினாலயம் இருக்கிறது. ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள், நயினார்கள், வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர்கள். அவர்கள் மதம் வடக்கிலிருந்து வந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நன்னூல் எழுதித் தமிழுக்குச் சட்டம் போட்ட பவணந்தி சமணர். இன்றைக்கு ஒரு நயினார் சென்னையில் போய் ‘நான் ஜைனர்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப நீங்க சேட்டா?’ அடையாளம் பார்க்கும் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தேதி வைத்த நாடுகள் இருக்கின்றன. பர்மா 1982இல் குடியுரிமைச் சட்டம் போட்டபோது 1823ஆம் ஆண்டைக் கோடாகக் கிழித்தது. ஆங்கிலேயர் முதல் பர்மியப் போரைத் தொடங்கியதற்கு முந்தைய வருஷம். அதற்கு முன்பே வந்து குடியேறிய இனம் என்று நிரூபித்தால் முழுக் குடிமகன், இல்லையென்றால் அரைகுறை. அஸ்ஸாமில் 1971 மார்ச் 24 நள்ளிரவு. 2019 ஆகஸ்ட் 31 அன்று அங்கே குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் உள்ளே, தம்பி வெளியே என்றெல்லாம் ஆனது. தேதி வைக்கிறவன் காலண்டரைப் பார்த்து வைப்பதில்லை. யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்று முதலில் ஆளைப் பார்த்துக்கொள்கிறான், நாளைப் பிறகு குறிக்கிறான். எங்கள் ஊர் வாதக்காரர்கள் தேதி சொல்லாமல் இருப்பதும் கெட்டிக்காரத்தனம்தான். கோடு எங்கே என்று சொல்லாவிட்டால் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கோட்டுக்கு வெளியே தள்ளலாம்.

தேதி முடியாது, ரத்தப் பரிசோதனையும் முடியாது. பிறகு எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்? சாதியை வைத்து. இந்த இனத் தமிழ்த் தேசியத்தின் அடிமடியில் இருக்கும் ரகசியம் இதுதான், ஆனால் யாரும் உரக்கச் சொல்வதில்லை. இந்தச் சாதி தமிழ்ச் சாதி, அந்தச் சாதி தெலுங்குச் சாதி என்று பட்டியல் போடாமல் இந்த வாதம் ஓர் அடிகூட நகராது. வீட்டுமொழி என்பதெல்லாம் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. மூன்று தலைமுறையாகத் தெலுங்கே மறந்துபோன நாயுடுவைத் தமிழர் என்று ஒப்புக்கொள்கிறார்களா? அவர் வீட்டில் தமிழ்தானே பேசுகிறார்? கிடையாது. சாதிச் சான்றிதழைக் காட்டு என்கிறார்கள். சாதி ஒழிய வேண்டும் என்று காலையில் பேசிவிட்டு, தமிழனா என்று தெரிந்துகொள்ள மாலையில் தாசில்தார் ஆபீஸ் காகிதத்தைக் கேட்கிறார்கள். சௌராஷ்டிரத் தகப்பனுக்கும் செங்குந்தத் தாய்க்கும் பிறந்த பெண் எந்தப் பக்கம்? எங்கள் தெருவிலேயே அப்படியொரு வீடு இருக்கிறது. அந்தப் பெண் அம்மா மடியில் தமிழ் பேசித்தான் வளர்ந்தாள். சான்றிதழ் அப்பா வழி. தாய்மொழி, தாய்மொழி என்று இத்தனை முழங்குகிற வாதத்தில் கடைசியில் தாய்க்கு இடம் இல்லை.

இந்தக் கணக்கில் அடி யார்மேல் விழுகிறது என்று பார்த்தால் இன்னும் கோபம் வரும். மேடையில் பேசும்போது நாயக்கர் ஆட்சி, பாளையக்காரர், ஜமீன்தார் என்று பேச்சு. நிலம் போனது உண்மை, அதிகாரம் போனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தச் சொல் யார் முதுகில் ஒட்டுகிறது? அருந்ததியர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். செருப்புத் தைப்பதும் மலக்குழியில் இறங்குவதுமாக இந்த மாநிலம் அவர்களை வைத்திருந்தது. 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு என்று சட்டம் வந்தபோது, ‘வந்தேறிகளுக்கு எதற்கு ஒதுக்கீடு’ என்ற குரல் கேட்டது. உள்ஒதுக்கீடு சரியா, தப்பா என்று வாதாடலாம், அது வேறு. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லியும் விட்டது. சாக்கடையில் இறங்கும்போது கேட்காத பூர்வீகத்தை, ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போது கேட்பது என்ன நியாயம்? விஜயநகரப் படைத்தலைவனின் பாவத்துக்கு அவன் குதிரைக்குச் சேணம் தைத்தவனின் பேரன் கணக்குத் தீர்க்க வேண்டுமாம்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். ‘ஈழத்தைப் பாருங்கள். சொந்த மண்ணில் ஆட்சி இல்லாத இனம் என்ன ஆனது என்று பாருங்கள்.’ பார்க்கலாம். அதை நான்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஆரணியிலிருந்து வேலூர் போகும் வழி எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிற வழி. அந்த வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்தின் கடைசி வாரிசு. தென்னிந்தியாவிலிருந்து போன தெலுங்குவழி வம்சம், தமிழும் புழங்கிய அரண்மனை. சிங்கள பௌத்தத்தில் பிக்குகளின் உபசம்பதை என்ற துறவேற்பு மரபு அறுந்துபோய்க் கிடந்தபோது, சயாமிலிருந்து துறவிகளை வரவழைத்து 1753இல் அதை உயிர்ப்பித்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்ற நாயக்க மன்னன்தான். இன்றைய இலங்கையின் தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் கடைசி நாயக்க மன்னனின் கொடியிலிருந்து எடுத்தது. இத்தனையும் செய்த வம்சத்தை 1815 மார்ச் 2 அன்று கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன சொல்லி இறக்கியது? ‘மலபார்’ இனத்துக்குக் கண்டி ராஜ்ஜியத்தின்மேல் இருந்த உரிமை ஒழிக்கப்பட்டது என்று. மலபார் என்றால் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பேச்சில் தமிழன். எழுபத்தாறு வருஷம் ஆண்ட பிறகும் வந்தேறி. விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் பதினாறு வருஷம் சிறையிருந்து 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். கண்டியில் அவன் தமிழன் என்று தள்ளப்பட்டவன், இங்கே நம் பட்டியல்காரர்கள் கையில் கிடைத்தால் தெலுங்கன் என்று தள்ளப்படுவான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதானிகளுக்குத் தங்கள் ஆள் ஆட்சிக்கு வந்தானா? வந்தது இங்கிலாந்து ராஜா.

கதை அங்கே முடியவில்லை. சுதந்திர இலங்கை பிறந்த வருஷமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தேயிலையும் காப்பியும் நட்டு அந்த நாட்டை நிமிர்த்தியவர்களிடம் கேட்ட கேள்வி நம் டீக்கடைக் கேள்விதான்: உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான்? தகப்பன் வழி பார்க்கும் சட்டம் அது. இந்தத் தாய் மறப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. அப்போது வடக்குத் தமிழ்த் தலைவர்களிலேயே ஒரு பகுதியினர், ‘அவர்கள் இந்தியத் தமிழர், நாம் இந்த மண்ணின் தமிழர்’ என்ற கணக்கில் அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். இன்று இவர்களுக்கு, நாளை நமக்கு என்று அவர்களிடமிருந்து பிரிந்து வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாளை வர அதிகம் தாமதமாகவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 மலையக மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதி பிரித்தார்கள். அப்படி வந்தவர்கள் நீலகிரித் தோட்டங்களில் இறக்கப்பட்டபோது, தமிழ்ச் சாதி, தமிழ் மொழி, தமிழ்ப் பெயர் எல்லாம் கச்சிதமாக இருந்தும் அவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன். மலேசியாவில் நான்கு தலைமுறை ரப்பர் மரம் சீவிய குடும்பத்தைப் பார்த்து ‘பெண்டாத்தாங்’ என்று சொன்னால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த மலாய்ச் சொல்லுக்குத் தமிழ் என்ன தெரியுமா? வந்தேறிதான். கோலாலம்பூரில் அநியாயமாக இருக்கும் சொல் ஆரணியில் மட்டும் எப்படி நியாயம் ஆகும்? இதற்கு மட்டும் யாராவது ஒரு பதில் சொல்லட்டும், இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தரப்பு சந்தோஷப்படும். ‘அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், தமிழாவது தெலுங்காவது, எல்லோரும் இந்தியர்’ என்று கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்று குஜராத்தில் விழா நடந்தது. மதுரையிலிருந்து தனி ரயில்கள் விட்டு சோம்நாத்துக்குச் சௌராஷ்டிரர்களை அழைத்துப் போனார்கள். மாலை, மேளம். கஜினி முகமதுவுக்குத் தப்பித் தெற்கே ஓடி வந்தவர்கள் ஆயிரம் வருஷம் கழித்துத் தாய்வீடு திரும்புகிறார்கள் என்று பேச்சு. போய்ப் பார்த்தவர்கள் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பாட்டன் ஊரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அந்த ‘தாய்வீடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை ஒப்புக்கொண்டால் மதுரையும் ஆரணியும் என்ன? புகுந்த வீடா, சத்திரமா? உன் வீடு இது இல்லை, போ என்கிறார் ஒருவர். உன் வீடு அங்கே இருக்கிறது, வா என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் எதிரிகள் மாதிரிதான் மேடையில் பேசுகிறார்கள். என் எதிர்வீட்டுக்காரரின் தறிக்குழிக்கு மட்டும் இரண்டு பேரிடமும் பட்டா இல்லை.

அந்த ‘ஓடி வந்த’ கதையும் முழுக் கதை இல்லை. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், பழைய பெயர் தசபுரம், 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குஜராத் பக்கத்து லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று 437 வாக்கில் அங்கே சூரியன் கோயில் கட்டியதையும், 473 வாக்கில் அதைப் பழுது பார்த்ததையும் சொல்கிறது. கஜினி பிறப்பதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால். யாரும் துரத்தவில்லை, அந்த ஊர் அரசர்கள் நல்லவர்கள் என்று கேள்விப்பட்டு வந்தார்களாம். நல்ல கூலி என்று நான் படித்துக்கொள்கிறேன். வந்த இடத்தில் சிலர் நெசவை விட்டு வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் ஜோசியத்துக்குப் போனார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. இவர்கள்தான் மதுரைச் சௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று அடித்துச் சொல்ல முடியாது. நெசவாளர் எப்போதும் எதற்காக ஊர் விட்டு ஊர் போனார்கள் என்பது மட்டும் அந்தக் கல்லில் தெளிவாக இருக்கிறது. சௌராஷ்டிரர்களின் பழைய கல்யாணச் சடங்கில் சம்பந்திகளுக்குள் ஒரு கேள்வி பதில் உண்டு. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்க, சௌராஷ்டிரம், தேவகிரி, விஜயநகரம் என்று வழியைச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் தமிழ்நாட்டில் நிற்பார்கள். தங்கள் பூர்வீகத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அதை ஊர் ஊராக நடந்து வந்த வழியாக வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போக டிக்கெட் எடுத்ததாக அந்தச் சடங்கில் எங்கும் இல்லை.

அவர்கள் மொழியும் அப்படித்தான். வடமொழிக் குடும்பத்து மொழி, ஆனால் வழியெல்லாம் மராட்டியும் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஏறிக்கொண்டது. 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர், அவர்களையும் குஜராத்தியின் கீழே ஒரு வரியாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கென்று தனி எழுத்து உண்டு, யூனிகோடில்கூட 2008இல் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் எழுத்திலேயே, வர்க்க ஒலிகளுக்கு மேலே சின்ன எண் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். இந்த இரண்டரை லட்சம் பேரின் மொழியால், அதே கணக்கெடுப்பில் 88 சதவீதம் பேர் தாய்மொழி என்று சொன்ன தமிழுக்கு ஆபத்து என்றால் சிரிக்க மாட்டார்களா? என் எதிர்வீட்டில் சௌராஷ்டிரம்தான் செத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் பேசுகிறார், மகன் புரிந்துகொள்கிறான், பேரனுக்குப் பாதி புரிகிறது. தமிழுக்கு ஆபத்து இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது கான்வென்ட் வேனில் காலை எட்டு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. அந்த வேனில் ஏறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டியல்படி சுத்தத் தமிழ்ச் சாதிப் பிள்ளைகள். என் மகள் உட்பட.

ஆரணியில் தறி குறைவதும் அப்படித்தான். கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டக்கூடாது என்று 1985இலேயே சட்டம் இருக்கிறது. விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குவதும் நாம் பார்ப்பதுதான். பட்டு நூல் விலை ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறுவதில்லை. என் அப்பா தறியைப் பிரித்துப் பரணில் போட்டபோது அதற்கு எந்தச் சௌராஷ்டிரரும் காரணம் இல்லை, எந்தத் தெலுங்கரும் காரணம் இல்லை. அதே விலை, அதே கூலி, எதிர்வீட்டிலும் இரண்டு தறியில் ஒன்று நின்றது. இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் ‘வந்தேறி ஆட்சி’ என்று ஒரே வார்த்தையில் விடை சொல்கிறவரை முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ரொம்பப் பிடிக்கும். அவர்களைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கப் போவதில்லையே.

மொழிவழி மாநிலம் கேட்டுப் போராடியவர்கள் கேட்டது என்ன? நம் மொழியில் பள்ளிக்கூடம், நம் மொழியில் கோர்ட்டு, நம் மொழியில் மனு எழுதினால் பதில். எங்கள் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரியும். திருத்தணி 1960இல் திரும்பி வந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எல்லை மேஜைமேல் வரைபடமாக இல்லாமல் கல்யாணச் சம்பந்தமாக, சந்தைக்குப் போகிற வழியாக இருந்த ஊர்கள் இவை. அந்த மாநிலத்தில் தமிழில் மனு எழுதுகிற யாரும் தமிழர் என்று கொண்டால், என் எதிர்வீட்டுக்காரர் எனக்குக் குறைந்தவர் இல்லை. சொல்லப்போனால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் எழுதியிருக்கும் மனுக்கள் என்னைவிட அதிகம். பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.

அவருடைய பேரன் இப்போது தறிக்கு வருவதில்லை. செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறான், கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஏற்றிக்கொள்கிறது. ரைஸ் மில், கட்டட வேலை, கம்பெனி என்று எங்கே பார்த்தாலும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் கிளம்பி, பயந்துபோய் ரயில் ஏறப் பார்த்தார்களே, அவர்கள்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தார் சுற்றிக்கொண்டிருக்க, நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் போனைப் பார்த்தபடி வந்தான். “எங்க பாத்தாலும் வடக்கனுங்களா வந்து பூந்துட்டானுங்க, நம்ம பசங்களுக்கு வேலையே இல்ல” என்றான். பெரியவர் சௌராஷ்டிரத்தில் என்னவோ சுருக்கென்று சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “நாமளும் வடக்க இருந்துதான்டா வந்தோம்னு சொன்னேன்.”

பேரன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது எப்போ தாத்தா?” என்றான்.